எந்த விளக்கடியில்?

கணினித் திரையில் ஓடும் ஒரு விளையாட்டை அட்டையும் பகடையுமாக மேசைக்குக் கொண்டுவந்தபோது தமயந்தி ஏறக்குறைய எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டாள். பழைய லண்டன் மாதிரி ஒரு நகரம், மூடுபனி, கறுப்புக் குதிரை வண்டி, கல்லறைத் தோட்டத்து ஓநாய்கள். ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றினாள். திரையில் செத்தவன் மறுநொடியே தெருவிளக்கடியில் எழுந்து நிற்பான். மேசையில் செத்தவன் செத்தவன்தான். திரைக்குள்ளேயே வாழ்ந்து பழகியவர்களை மீட்கும் இல்லத்தில் இப்படி ஆடவைப்பதுதான் அவளுக்கு வேலை. அந்த விதியில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அங்கே சேர்ந்திருந்த வில்பிரட் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. அவனுடைய வேட்டைக்காரனை ஓநாய் குதறிப்போட்டது.

"சரி மேடம், எந்த விளக்குல எந்திரிக்கட்டும்?"

"எந்த விளக்குலயும் இல்லப்பா. அவன் போயிட்டான்."

வேட்டைக்காரனின் அட்டையை அவன் கண்ணெதிரே கிழித்தாள். அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துவைத்துப் பார்த்தான்.

போன தை மாதம் அவன் மனைவி பெனிட்டா லாரியில் அடிபட்டுச் செத்தாள். அடக்கத்தில் அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்நெஞ்சன் என்று ஊரே ஏசியது.

"மேடம், வாசல் லைட்டை அணைச்சிராதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பெனிட்டா வருவான்னு." அவன் அட்டைத் துண்டுகளைக் கீழே வைத்தான். "அணைக்கச் சொல்லிரவா?"