தேதி இல்லாத புக்கிங்

இரண்டாவது பாட்டின் நடுவில் யாரோ அவன் தோளைத் தொட்டார்கள்.

வாசித்துக்கொண்டே திரும்பினான். எட்வின். குழுவை நடத்துகிறவன், கீபோர்டை விட்டுவிட்டு எழுந்து வந்திருந்தான்.

"கொஞ்சம் கீழ இறங்குடா."

சாக்ஸபோனை உதட்டிலிருந்து எடுத்தான்.

பாட்டு நிற்கவில்லை. அவன் விட்ட இடத்தைத் தாண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மணமக்கள் புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வரவேற்புக்கு வந்தவர்கள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு வாத்தியம் குறைந்தது யார் காதிலும் விழவில்லை.

மேடைக்குப் பின்னால், காலி ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே, பெண்ணின் சித்தப்பா நின்றிருந்தார். பட்டுச் சட்டை. கழுத்தில் சந்தனம். முகத்தில் கோபமே இல்லை.

அதுதான் பயமாக இருந்தது.

"தில்லை நகர்ல, போன மாசி மாசம். வாத்தியார் ஒருத்தர் தவறிட்டாரே. பாடைக்கு முன்னாடி வாசிச்சுட்டுப் போனது நீங்கதானே தம்பி?"

இல்லை என்று சொல்லு. எட்வின் கண்ணாலேயே சொன்னான்.

ஆனால் தன் வாசிப்பை ஒருவர் நினைவு வைத்திருக்கிறார். ஒரு நொடி, அந்த ஒரு நொடி மட்டும், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"ஆமா சார்," என்றான்.

ஒரே ஒரு தடவை வாசித்தது. பக்கத்து வீட்டு வாத்தியார். உயிரோடு இருந்தவரை, அவன் சாதகம் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டவர். அவருடைய பிள்ளைகள் வந்து நின்றபோது மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

யாரோ அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார்கள்.

அதன் பிறகு போன் வர ஆரம்பித்தது. எல்லாம் சாவு வீடுகள்.

ஒரு ஹோட்டல் அவனை நிறுத்திவிட்டு மூலையில் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டது. ஒரு சபாவில் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷமும் அதையே சொன்னார்கள். அவனை, அவனைத்தான் வேண்டும் என்று கேட்டவர்கள் செத்தவர்களின் பிள்ளைகள் மட்டுமே. அவர்களிடம் அவன் ராங் நம்பர் என்றான்.

முதல் தடவை போனால் உதவி. இரண்டாம் தடவை போனால் அதுதான் தொழில். அப்புறம் எந்தக் கல்யாண வீடும் படியேற்றாது.

எட்வின் ஒருவன்தான் கூப்பிட்டான். இன்னைக்கு நல்லா அமைஞ்சுட்டா ஆவணி முகூர்த்தம் முழுக்க நீதான் என்று சொல்லியிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க," சித்தப்பா சொன்னார். "பொம்பளைங்க அடையாளம் கண்டுட்டாங்க. பொண்ணோட அம்மா உள்ள உக்காந்து அழுவுது."

அவர் போனதும் எட்வின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஆமான்னு ஏன்டா சொன்ன? அது என் தம்பி, பாக்க என்னைய மாதிரியே இருப்பான்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

அவன் சாக்ஸபோன் வாரைக் கழுத்திலிருந்து அவிழ்த்தான்.

"ஆவணிக்கு வேற ஆளு பாக்கறேன். என் நெலமையும் புரிஞ்சுக்கடா."

எட்வின் மேடையேறிப் போய்விட்டான்.

அவன் வாத்தியத்தைக் கழற்றினான். வாயைத் தனியாக. கழுத்தைத் தனியாக. உடம்பைக் கடைசியாக, வெல்வெட் பள்ளத்தில் படுக்க வைத்து மூடினான்.

வாசலில் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாப்பிடாமப் போகக் கூடாது தம்பி. எங்க வீட்டு விசேஷத்துல யாரும் பசியோட போனதில்ல."

மேடையில்தான் இருக்கக் கூடாது. பந்தியில் இருக்கலாம்.

கீழ்த்தளத்தில் இலை போட்டார்கள். பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். பாதிச் சோற்றில் சித்தப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"உங்க நம்பர் குடுங்க."

அவன் நிமிர்ந்தான்.

"எதிர் வரிசையில, ஓரத்துல. எங்கப்பா. டாக்டரு நாள் குறிச்சுட்டாரு. பேத்தி கல்யாணத்தப் பாக்கணும்னு இழுத்துப் பிடிச்சிட்டிருக்காரு."

அங்கே மிக மெலிந்த ஒருவர், புது வேட்டியில், யாரோ ஊட்ட ஊட்டப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வாசிச்ச அதே பாட்டு. அதே மாதிரி வாசிக்கணும்." சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அந்த வாத்தியாரு யாருன்னே எனக்குத் தெரியாது தம்பி. ரோட்டுல போய்ட்டிருந்தவன் வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதேன்."

இவ்வளவு காலத்தில் யாரும் அவனிடம் இப்படிச் சொன்னதில்லை.

நம்பரைச் சொன்னான். தப்பில்லாமல், நிதானமாக.

"தேதிதான் சொல்ல முடியாது. ஆவணியில வெளியூர் எங்கயும் போயிட மாட்டீங்களே?"

"இல்லண்ணே. இங்கதான் இருப்பேன்."

சித்தப்பா முதுகில் தட்டிவிட்டு எழுந்து போனார்.

மேலே அவன் இல்லாமல் அடுத்த பாட்டு தொடங்கியது. நன்றாகத்தான் இருந்தது.

எதிர் வரிசையில் பெரியவருக்குப் புரையேறியது.

யாரோ தலையில் தட்டினார்கள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். இருமல் நீண்டது. பந்தியில் மற்றவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு இலைக்குத் திரும்பினார்கள். அவன் கை மட்டும் வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான், சுருதி கேட்கிறவனைப் போல.

இருமல் அடங்கியது.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பாயசத்துக்குக் கை நீட்டினார்.

அவன் மூச்சை விட்டான். எதற்காகப் பிடித்திருந்தோம் என்று யோசிக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

பரிமாறிக்கொண்டு வந்தவர் பதறிப்போனார்.

"தம்பி, தம்பி! உங்க பக்கமா மடிங்க. இது கல்யாண வீடு."