பிள்ளையைத் தூக்காதவ

பச்சப் பிள்ளை தொட்டில்ல கிடந்து கதறுது. எட்டித் தூக்குத தூரத்துல நாற்காலியில ஒருத்தி உக்காந்து, பார்த்துக்கிட்டே இருக்கா. அப்படி ஒரு பொம்பளையை எங்கயாவது கண்டிருக்கியளா? நான் கண்டேன். எங்க வீட்டுலயே கண்டேன், வாராவாரம் வியாழக்கிழமை.

பேரு நாச்சியார். இலஞ்சிக்காரி. பேசிப் பேசியே மனசைக் குணப்படுத்துத வைத்தியம் படிக்காளாம். அந்தப் படிப்புல, பிள்ளை பிறந்த ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் போகணுமாம். அது வளருததைப் பார்த்துட்டு வந்து எழுதணுமாம். ஒரு வருஷத்துக்கு. பட்டாளத்துல இருக்க என் தம்பி சங்கிலிப்பாண்டி போன்லயே சரின்னுட்டான்.

அவனுக்கென்ன, ஜம்முல இருக்கான். வீட்டைப் பார்க்கது நான்லா.

அவன் பொண்டாட்டி உமாராணிக்குத் தாய்வீடு சிவகிரி. அவ அம்மா கால் ஒடிஞ்சு படுத்துட்டதால, பிரசவம் இங்கன தென்காசியிலயே ஆச்சு. பிள்ளை பிறந்ததுல இருந்து அவ ஒரு மாதிரி. பேச்சே கிடையாது. சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பா. பிள்ளையைத் தூக்கினா கை நடுங்கும்.

பிள்ளை வாயைக் கோணினாலே நான் ஓடிப் போய், "கொண்டா இங்க"ன்னு வாங்கிருவேன். குளிப்பாட்டுதது நான். உறங்க வைக்கது நான். பால் குடிக்க மட்டும் அவ மடியில போடுவேன், குடிச்சு முடிச்சதும் எடுத்துக்கிடுவேன். மூணு பெத்து வளர்த்தவ, எனக்குத் தெரியாதா? நான் இல்லேன்னா அந்தப் பிள்ளை கதி என்னன்னு தெரு பூரா சொல்லி வச்சிருந்தேன். உள்ளுக்குள்ள பயமும் இருந்துது. பெத்தவட்டயே ஒட்டாத பிள்ளை நாளைக்கு யார்ட்ட ஒட்டும்?

இதுல இந்த நாச்சியார் வேற. சீசன் கூட்டத்துல குத்தாலம் ரோடே நகராது, ஆனா அவ பத்து மணிக்கு டாண்ணு ஸ்கூட்டர்ல சாரல்ல நனைஞ்சுக்கிட்டு வந்து நிப்பா. வயர் நாற்காலியில உக்காந்து ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிடுவா. காப்பி வேண்டாம்பா. போனை எடுக்க மாட்டா. பதினோரு மணிக்கு எந்திச்சுப் போயிருவா. பிள்ளையை ஒரு தடவை கொஞ்சினது கிடையாது. என்ன திமிருன்னு நினைச்சுக்கிடுவேன்.

போன வியாழக்கிழமை நான் அடுக்களையில மாவாட்டிக்கிட்டிருந்தேன். முழங்கை வரைக்கும் மாவு. பிள்ளை வீல்னு அழ ஆரம்பிச்சுது. எட்டிப் பார்த்தா, நாச்சியார் அசையல. உமாராணி சுவரோரம் நிக்கா. பிள்ளை மூஞ்சி செவந்து போச்சு. அவசர அவசரமா கையைக் கழுவுதேன், பிசுக்குப் போனாத்தானே?

கழுவி முடிக்கதுக்குள்ள அழுகைச் சத்தம் நின்னு போச்சு.

பதறிப் போய் ஓடினேன். வாசப்படியிலயே கால் நின்னுட்டு.

உமாராணி பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கா. கை நடுங்கத்தான் செய்யுது. பிள்ளை அவ மூஞ்சியையே பார்க்கு. கண்ணு, மூக்கு, வாயின்னு ஒவ்வொண்ணா நின்னு நிதானமாப் பார்க்கு. அவ மெல்ல வாயைக் குவிச்சா. அது கொஞ்ச நேரம் யோசிச்சுது. அப்புறம் தானும் குவிச்சுது. அவ நிறுத்தினா. அது விடல, "ங்கா"ன்னு கூப்பிட்டுது. "என்னம்மா"ன்னு கேட்டா அவ. மறுபடி "ங்கா"ன்னுது. நாலு மாசமா வாய் திறக்காதவளை அந்த நாலு மாசப் பிள்ளை பேச வச்சுட்டுது.

எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இத்துனூண்டு உயிருக்கு இவ்வளவு தெரியுமா? மூணு பெத்திருக்கேன், ஒரு நாளும் இப்படி நின்னு பார்த்ததில்லையேன்னு மலைச்சுப் போய் நின்னேன். பேசினா கலைஞ்சிருமோன்னு மூச்சைக்கூட அடக்கிக்கிட்டேன்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கல. பெத்தவ வந்து தூக்கினா சரி, வராட்டா? நாச்சியார் கிளம்பும்போது வாசல்ல மறிச்சேன்.

"ஏம்மா, உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

அவ கண்ணு கலங்கி இருந்துது. தூக்கக் கூடாதுங்கது படிப்புல விதி, ஆனா தூக்காம இருக்கது ரொம்பக் கஷ்டம்க்கான்னு மெதுவாச் சொன்னா. ஹெல்மெட்டை எடுக்கக் கையை நீட்டினா. உள்ளங்கையில வயர் பின்னல் அப்படியே வரி வரியாப் பதிஞ்சு ரத்தம் கட்டிக் கிடந்துது. அந்தக் கை தூக்கப் போயிரக் கூடாதுன்னு அவ்வளவு அழுத்தி உக்காந்திருக்கா.

எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசு வரல. உள்ள வந்து உமாராணிகிட்ட, தம்பி போன் பண்ணினா இனி அந்தப் பொண்ணு வர வேண்டாம்னு சொல்லப் போறேன்னேன்.

பிள்ளை அவ தோள்ல லேசாச் சிணுங்குச்சு. பழக்கதோஷம், ரெண்டு கையையும் நீட்டினேன்.

இத்தனை நாள்ல ஒரு தடவைகூட என்னை எதிர்த்துப் பேசாதவ, பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

"அவ வரட்டும் மதினி. இந்த வீட்டுல என் கையில இருந்து பிள்ளையை வாங்காத ஒரே ஆளு அவதான்."