தண்ணீருக்கு மேல் ஒரு கை

பார்வையற்ற பிள்ளைகளின் விடுதியில் ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஜெபசெல்வி, கடவுள் முதல் நாளில் படைத்தது வெளிச்சம் என்பதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தே வந்திருந்தாள். நேராக மரம், மீன், பறவை என்று போய்விடலாம். "ஆரம்பத்துல எங்கயும் ஒரே இருட்டு. கீழே தண்ணி. கடவுள் அதுக்கு மேல அசைஞ்சுகிட்டே இருந்தார்," என்று தொடங்கினாள். "இருட்டுல தண்ணி இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "அதெல்லாம் தெரியும்," என்றாள் ஏழு வயது ஹெப்சி. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், கை கழுவும் வாளியைக் கண்டுபிடித்தாள். உள்ளங்கையை விரித்து, தண்ணீரில் படாமல் அதன் மேல் மெல்ல அசைத்தாள். "இப்படித்தான். கையில சில்லுன்னு அடிக்கும்." பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். ஜெபசெல்வியும் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினாள். சில்லென்றுதான் இருந்தது. ஒரு சின்ன விரல் அவள் விரலை உரசிக்கொண்டு போனது. "அப்புறம் என்ன செஞ்சார், டீச்சர்?" அந்தக் கைகளுக்கு நடுவில் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "வெளிச்சத்தை உண்டாக்கினார்." ஹெப்சி தண்ணீரின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "வெளிச்சம் வந்ததும் இதை மறந்துட்டாரா, டீச்சர்?"