காமன் எழுந்த பிறகு

"காமன் எந்திரிச்சு வந்துட்டான், சரி. அதுக்குப் பொறகு என்னாண்ணே ஆச்சு?"

வீட்டுக்குள் அமர்ந்திருந்த நாகலெட்சுமி கேட்டாள். வெளியே படிக்கட்டில் இருந்த வீரய்யா வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார்.

மாசியில் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார்கள். சிவன் எரித்த காமன் மூன்றாம் நாள் உயிரோடு எழுவான். ரதி அவனைப் பார்ப்பாள். அத்தோடு கூத்தை முடித்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். மிச்சக் கதை எந்தக் கூத்து வாத்தியாருக்கும் தெரியாது. வீரய்யாதான் ஒரு மாதமாகத் தினமும் சாயங்காலம் வந்து அதை இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகாத மனிதருக்கு அதுவே பெரிய வேலை.

போன மழைக்கு மலை சரிந்து லயத்து வீடுகளில் பாதி போனது. மண் தன் புருஷனை மூடியதை நாகலெட்சுமி கண்ணால் பார்த்தாள். அன்றிலிருந்து பொட்டு வைப்பதில்லை. மழை விழுந்தால் வீட்டில் நிற்காமல் ரோட்டுக்கு ஓடிவிடுவாள். காலம் எடுக்கும், அவசரப்படுத்தக் கூடாது என்றார் டாக்டர். வீரய்யா டாக்டர்களை நம்புவதில்லை. அந்த மலை சரியாது என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் படித்தவர்கள்தான்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த நிலைப்படியைத் தாண்ட வேண்டும். அவளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் படுத்துப் படுத்து இடுப்புப் போய்விட்டது. பக்கத்து வீட்டு வினோதா பிளேன்டீயை நீட்டி, பொறுங்க மாமா என்பாள். பொறுக்காமல் ஒருநாள் நாகலெட்சுமியிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"தாலி அறுத்தவ வீட்டுல வேத்து ஆம்பள இருந்தா ஊரு சிரிக்கும்ண்ணே" என்று அவள் கதவைச் சாத்தினாள்.

இப்போது கதைக்காகக் காத்திருந்தாள்.

"ரதி கிட்ட வரல. மறுபடியும் எரிஞ்சிருவானோன்னு பயம். அடுப்பக்கூட பத்த வைக்க விடல."

"பட்டினியாவா கெடந்தாங்க?"

"ரெண்டு நாளு. பொறகு காமனே பத்த வச்சு ரொட்டி சுட்டான்."

"காமனுக்கு ரொட்டி சுடத் தெரியுமா?"

"எங்க தெரியும். கருக்கிப்புட்டான். கையையும் சுட்டுக்கிட்டான். ஆனா சாகல. ரதி அதத்தான் பாத்துக்கிட்டே இருந்தா."

நாகலெட்சுமி சிரித்தாள். மண்சரிவுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத் தகரத்தில் மழை விழுந்தது. அவள் எழுந்தாள். பின்னாலேயே ஓட வேண்டுமே என்று வீரய்யாவும் எழுந்தார். வாசலுக்கு வந்தவள் ரோட்டைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். பிறகு, படியில் நனைந்துகொண்டு நின்றவரைப் பார்த்தாள்.

"நனையாதீங்கண்ணே. உள்ள வந்து குந்துங்க."

வீரய்யா செருப்பைக் கழற்றவும் மறந்து உள்ளே போனார். அவள் பாயை விரித்துப் போட்டாள். போட்டவள், ஏதோ நினைவு வந்தது போல நின்றாள்.

"ஒண்ணு சொல்லிப்புடுறேன். எரிஞ்ச காமனே வந்துட்டான். எங்க வீட்டுக்காரரும் ஒரு நாளைக்கு வந்தாலும் வருவாரு. அவரு வந்தா நீங்க எந்திரிச்சுப் போயிறணும்."

"வீரய்யா வந்தா போயிர்றேன்" என்றார், மூடிய மண்ணிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டிருந்த, நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் அவளுக்குத் தாலி கட்டிய வீரய்யா.