கைகாட்டியின் பொறாமை

நீட்டிய இனிப்புப் பெட்டியைக் கைகாட்டி தொடக்கூட இல்லை.

"முதல்ல லோடை இறக்கு. தின்னுறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தலைக்கவசத்தைக் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். இரும்புக் கிடங்கில் மற்ற அத்தனை பேரும் ஆளுக்கொரு துண்டை வாயில் போட்டு, புது கிரேன் ஆபரேட்டரின் தோளில் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இத்தனை வருஷம் தோளோடு தோள் உரச இரும்பு சுமந்த கூட்டாளிக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல மனசு வரவில்லை.

கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுவதும் அவன் வேலை. அதனால் அவன் சொந்தப் பேர் எல்லோருக்கும் மறந்து, கைகாட்டி என்பதே நிலைத்துவிட்டது.

ஆபரேட்டர் ஏணி ஏறிக் கூண்டுக்குள் நுழைந்தபோது, மச்சான் அங்கே சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஆபரேட்டருடைய பெண்டாட்டியின் அண்ணன். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன் என்று கிடங்கில் பேரெடுத்தவர்.

"பாத்தியா மாப்ளே, அவன் மூஞ்சியை? நீ ஏணி ஏறுறே, அவன் வயித்துல நெருப்பு ஏறுது."

"சேச்சே. அவன் எப்பவுமே சிடுமூஞ்சிதானே மச்சான்."

"நேத்து சாயங்காலம் முதலாளி ரூம்ல அவ்வளவு நேரம் நின்னானே, எதுக்குங்கறே? உன் பேரு ரெண்டு மூணு தடவை என் காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான் சொல்லுவேன். எனக்கு எதுக்கு ஊர் வம்பு?"

ஆபரேட்டருக்குச் சுருக்கென்றது. முதலாளி கண் முன்னால் இன்றைய லோடை ஒழுங்காக இறக்கினால் இந்த நாற்காலி அவனுக்கு. இல்லையென்றால் மறுபடி சுமைதான். இனி ஒரு மூட்டை தூக்கினாலும் இடுப்பு நிற்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கூண்டிலிருந்து பார்த்தால் கீழே கொக்கி ஒரு கடுகு மாதிரி. லோடு எப்படிக் கட்டியிருக்கிறது என்பது மேலே இருப்பவனுக்குத் தெரியாது. கீழே நிற்பவனின் கைதான் அவனுக்குக் கண். கட்டைவிரல் நிமிர்ந்தால் தூக்க வேண்டும். முஷ்டி மூடினால், என்ன ஏது என்று கேட்காமல் நிறுத்த வேண்டும்.

"பாதியில முஷ்டியைக் காட்டுவான் பாரு" என்றார் மச்சான். "நீ டக்குனு நிறுத்துவே, லோடு ஊஞ்சலாடும், முதலாளி முன்னாடி உன் மானம் கப்பலேறும். கண்டுக்காம போயிட்டே இரு."

"உங்களுக்கு மட்டும் எப்படி மச்சான் யார் மேலயும் வயித்தெரிச்சல் வர்றதில்ல?"

"ஆசைப்படுற அளவுக்கு எனக்கு மண்டையில என்ன இருக்கு? கிரீஸ் டப்பாவும் ரெண்டு வேளை சோறும் போதும்." ஏணியில் பாதி இறங்கியவர் தலையை மட்டும் நீட்டினார். "கொக்கி மாட்டுறவன் இன்னிக்கு வரல. நானே மாட்டிடுறேன். உன் முதல் லோடு, இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

ஆபரேட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

கட்டைவிரல் நிமிர்ந்தது. இரண்டு முனையிலும் கொக்கி மாட்டிய நீள இரும்பு உத்தரம் தரையை விட்டு எழும்பியது. எதிர்க் கோடியில் முதலாளி கைகட்டி அண்ணாந்து நின்றார். லோடு அவரை நோக்கி மெல்ல நகர்ந்தது.

பாதி வழியில் கைகாட்டி முஷ்டியை மூடினான்.

'சொன்ன மாதிரியே காட்டுறான் பாரு!' ஆபரேட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு லிவரைத் தள்ளினான். கைகாட்டி இரண்டு கையையும் தூக்கி இரண்டு முஷ்டியையும் காட்டினான். குதித்தான். வாய் கிழியக் கத்தினான். இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"எரியட்டும்டா, நல்லா எரியட்டும்!" கூண்டுக்குள் ஆபரேட்டர் சிரித்தான்.

கைகாட்டி ஒரே ஓட்டமாக ஓடி முதலாளியைப் பிடித்துத் தள்ளினான். அதே நேரம் உத்தரத்தின் ஒரு முனை கொக்கியிலிருந்து நழுவியது.

ஆபரேட்டர் எப்படி இறங்கி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. உத்தரத்தின் ஒரு முனை ஆகாயத்தில் தொங்கியது. மறுமுனை கைகாட்டியின் இரண்டு கால்களின் மேல் கிடந்தது.

"கொக்கி வாய் திறந்து கிடந்துச்சுடா..." கைகாட்டிக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு கையையும் காட்டினேனே... பாக்கலையா?"

பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

முதலாளி ஆபரேட்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "'அவன் இடுப்பு போச்சு, கூண்டுல உக்கார வைங்க'ன்னு நேத்துகூட உனக்காக என்கிட்ட கெஞ்சினாண்டா இவன்! எனக்குக்கூட வேணாம், அவனுக்குக் குடுங்கன்னான். இனிமே என் கிடங்கு வாசல்ல உன் நிழல்கூட விழக் கூடாது!"

"முதல்ல இதைத் தூக்கணுங்க, ரத்தம் போகுது!" என்று யாரோ அலறினார்கள்.

"லைசென்ஸ் இல்லாதவன் எவனும் லிவரைத் தொடாதே! இன்னொருத்தன் அடிபடக் கூடாது. கிரேன் ஓட்டத் தெரிஞ்சவன் வேற யாருடா இருக்கீங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆபரேட்டரின் கண் கூட்டத்துக்குள் மச்சானைத் தேடியது. நடந்ததை எடுத்துச் சொல்ல அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மச்சான் கூட்டத்தில் இல்லை. ஏணியின் முதல் படியில் காலை வைத்தபடி, கிரீஸ் கையைத் துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் தூக்குறேன் முதலாளி, போன மாசமே லைசென்ஸ் எடுத்துட்டேன்."