பெட்டிக்குள் இருந்தவள்

பெட்டிக்குள் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள்.

மந்திரவாதி புறாவைப் பறக்கவிட, சந்தையே அண்ணாந்து பார்த்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நான் அவருடைய பெட்டிக்குள் குதித்து மூடியை இழுத்துக்கொண்டேன். ராணியின் மோதிரம் என் நாக்குக்கு அடியில் இருந்தது. துரத்தி வந்தவர்கள் நாலு காவலர்கள். அகப்பட்டால் வலது கை மணிக்கட்டோடு போகும்.

"தள்ளி உட்காருடி. என் காலை மிதிக்கிறே" என்றாள் இருட்டில் இருந்தவள்.

தள்ளி உட்கார்ந்தேன். இடம் இருந்தது. கொஞ்சம் தள்ளி அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தமும் கேட்டது.

வெளியே மந்திரவாதி மந்திரத்தை ஆரம்பித்தார். சந்தையில் எத்தனையோ தடவை கேட்டதுதான். ஒரு சொல்கூடப் புரிந்ததில்லை.

உள்ளே தெளிவாகப் புரிந்தது.

"தப்பு என்மேலதான். வெளிய வந்துடு, கண்ணு."

அவள் உச்சுக்கொட்டினாள். "பன்னெண்டு வருஷமா இதே பாட்டு. ஆமா, நீ யாருடி?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் தொழிலில் நான் செய்த ஒரே முட்டாள்தனம் அது. மோதிரம் நழுவி அவள் மடியில் விழுந்தது. அவள் அதை எடுத்து விரலில் போட்டுக்கொண்டாள். திருப்பித் தருகிற மாதிரி தெரியவில்லை.

ஒரு காவலன் மூடியைத் தூக்கினான். அவள் தன் முந்தானையை என் தலைமேல் இழுத்துப் போட்டாள். காவலன் எங்களை நேருக்கு நேர் பார்த்தான், பெட்டிக்கு ஒரு உதை விட்டான், போய்விட்டான். சந்தை கை தட்டியது.

அவள் என் காதில் ஒரு விஷயம் சொல்லி, முதுகில் கைவைத்து வெளியே தள்ளினாள்.

திரும்பிப் பார்த்தேன். நான் ஒருத்தி குந்தினாலே முழங்கால் இடிக்கும் பெட்டி. உள்ளே வெறும் பலகை.

மந்திரவாதி என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. பெஞ்சாதி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற மனுஷன், கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்ன சொன்னா?"

"அன்னிக்கு நீங்க திட்டினது ஊருக்கே புரிஞ்சுதாம். இந்த மன்னிப்பும் ஊருக்கே புரியணுமாம்."

கூட்டம் இன்னும் கலையவில்லை. அவர் முகம் பழுத்த மிளகாய் மாதிரி ஆனது. என் வலது கையால் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்து நின்று, தொண்டையைச் செருமினார்.

பெட்டிக்குள் கொதிக்கிற சத்தம் நின்றது.