படுத்திருந்த தலைவர்

காலையில் புத்தர் கோயிலில், ரயில் பெட்டி நீளத்துக்குப் படுத்திருந்த புத்தரைப் பார்த்ததிலிருந்தே தயாளனுக்குப் பரவசம் தலைக்கேறியிருந்தது. தீபாவளி லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், நாலே நாளில் மலேசியாவின் பினாங்கைக் கரைத்துக் குடித்துவிட்ட தோரணையில் நடந்தார்.

"கைடு புக்ல போட்டிருந்த பழைய தலைவர் வாழ்ந்த வீடு இதுதான், இப்ப மியூசியம். வாசல்ல எத்தனை செருப்பு பாரு! செத்து அம்பது வருஷமாகியும் என்ன கூட்டம்!" என்று மனைவி மஞ்சரியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"வாங்கண்ணே, வாங்கக்கா!" என்று ஒரு பெண் முறுக்குத் தட்டை நீட்டினாள்.

"டிக்கெட் எவ்வளவும்மா?"

"டிக்கெட்டா? சும்மா சாப்பிடுங்க லா!" என்றாள் பினாங்குத் தமிழில்.

"தலைவர் குணம் அப்படி" என்று மஞ்சரியிடம் கிசுகிசுத்த தயாளன், கூடத்துக் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கையைத் தலைக்கு அண்டக் கொடுத்து, புத்தர் மாதிரியே ஒருக்களித்துப் படுத்திருந்தார் தலைவர்.

"மெழுகுச் சிலை! வயிறு ஏறி இறங்குது பாரு, உள்ளே மோட்டார் வெச்சிருக்கான்."

பக்தியோடு குனிந்து பாதத்தைத் தொட்டார். சிலை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"கூசுதுய்யா! ஆசீர்வாதம் வேணும்னா எழுப்பிக் கேக்கலாம்ல?"

"எங்கப்பாண்ணே" என்று சிரித்தாள் அந்தப் பெண். "பிறைங்கிற ஊர்ல ஒரு ஃபேக்டரில ஃபோர்மேனா இருந்தவரு. இங்க தீபாவளின்னா திறந்த வீடு. யார் வேணும்னாலும் வந்து சாப்பிடலாம். தலைவர் வீடு பக்கத்துல. இன்னிக்குச் சாத்தியிருக்கு."

தயாளன் வாசல் பக்கம் நகர்ந்தார். "வா, போலாம்" என்று திரும்பினார்.

மஞ்சரி பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போய் அந்தச் சாத்தின கதவைப் பாத்துட்டு வாங்க. எனக்கு இந்தத் தலைவரே போதும்."